வந்தவங்க கொடுத்த ருசி!

வெள்ளக்கடை பக்கம் போனால் காபித் தோட்டம். ஏற்காடு காபி நம்ம சொத்து என்கிறோம். கொண்டு வந்தது யார்? 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர்!

சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் இதே கதைதான். சாயங்காலம் ஆனால் அத்தோ கடையில் கூட்டம் நெரிகிறது. நூடுல்சில் கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, புளித்தண்ணி போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப்!

1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்து வியாபாரமெல்லாம் அரசுடைமை. தலைமுறையாக உழைத்த தமிழர்கள் வெறுங்கையோடு கப்பல் ஏறினார்கள். கைப்பக்குவம் மட்டும் மிஞ்சியது. அதை வைத்தே பிழைத்தார்கள்.

இன்றைக்கு வடக்கிலிருந்து வந்த பையன் தள்ளுவண்டி போட்டால் "வெளியூர்க்காரன்" என்று விரட்டுகிறோம். அன்று அத்தோ கடையையும் இப்படி விரட்டியிருந்தால்?

தெருவோர வியாபாரிகளுக்கு 2014-லேயே சட்டம் வந்தாச்சு. அதன்படி அடையாள அட்டை கொடுங்கள், இடம் ஒதுக்குங்கள். நல்ல தண்ணீருக்கு வழி செய்யுங்கள். சுத்தம் இல்லையா? அபராதம் போடுங்கள். ஆனால் பிறந்த ஊரைக் கேட்டு வண்டியைத் தூக்காதீர்கள்!

அதிகாரிகள் கவனிப்பார்களா?