ஆறு நாள் வயல், ஒரு நாள் மலை: எந்தப் பிக்கப் வாங்கலாம்?

குச்சனூரிலிருந்து வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். ஊரில் அவருக்கு நான்கு ஏக்கர் நெல், ஒரு ஏக்கர் வாழை. மாமனார் வழியில் வந்த இரண்டு ஏக்கர் காபி, மிளகுத் தோட்டம் போடி பக்கம் குரங்கணிக்கு மேலே இருக்கிறது. தார்ச்சாலை முடிந்த பிறகு ஜீப் தடத்தில் ஏற வேண்டும். இதுவரை ஊர் வேலைக்கு வாடகைக் குட்டி யானை, மலைக்கு வாடகை ஜீப் என்று ஓட்டிவிட்டார். இப்போது சொந்தமாக ஒரு பிக்கப் வாங்க நினைக்கிறார். காலையில் மகளைச் சின்னமனூர் பள்ளியில் விடுவது, உரம், நெல் ஏற்றுவது, மலைக்கு ஆள் கூட்டிப் போவது எல்லாம் அந்த ஒரே வண்டியில் நடக்க வேண்டும். கையில் இருப்பதும் கடனுமாகச் சேர்த்து 12 லட்சம் தேறும். நண்பர்கள் ஃபோர் வீல் டிரைவ் உள்ள பெரிய பிக்கப் வாங்கச் சொல்கிறார்கள். ஷோரூமில் ஒன்றே முக்கால் டன் ஏற்றும் வண்டியைக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது என்பது கேள்வி.

கம்பம் பள்ளத்தாக்கில் மலையிலும் தோட்டம் வைத்திருக்கும் பலருக்கும் இதே குழப்பம் உண்டு. காரணம், வயல் கேட்பது ஒன்று, மலை கேட்பது வேறு. கீழே நெல், வாழை, தேங்காய் எல்லாமே எடை அதிகம். ஆனால் பாதை நல்ல பாதை. மலையிலிருந்து இறங்கும் சரக்கு எடை குறைவு. காபிப் பழத்தைத் தோட்டத்திலேயே காயவைத்து இறக்கினால் எடை பாதிக்கும் கீழே வந்துவிடும். பச்சை மிளகு காய்ந்தால் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அங்கே வண்டிக்குத் தேவை பிடிமானமே தவிர பாரம் இல்லை. இந்த இரண்டையும் ஒரே வண்டியில் முழுதாகப் பெற நினைக்கும்போதுதான் விலை எகிறுகிறது.

பழைய காலத்தில் இதே மலைக்கு இரண்டு ஏற்பாடு இருந்தது. மூணாறு தேயிலை 1908 முதல் குண்டளை பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கியது. கொட்டகுடியிலிருந்து போடிக்கு மாட்டு வண்டி. 1924 வெள்ளத்தில் ரயில் பாதை அழியும் வரை அப்படித்தான் நடந்தது. சரிவுக்கு ஒன்று, சமதரைக்கு ஒன்று. இன்றைக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே ஷோரூம் வாசலை மிதிப்பது நல்லது.

முதலில் பாரம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு 40 கிலோ. ஏக்கருக்கு 60 மூட்டை என்று வைத்தால் நான்கு ஏக்கருக்கு 240 மூட்டை, அதாவது ஒன்பதரை டன்னுக்கு மேல். ஒரு டன் ஏற்றும் வண்டி என்றால் பத்து நடை. ஒன்றே முக்கால் டன் வண்டி என்றாலும் ஆறு நடை. எப்படியும் அன்றைக்கு டிராக்டர் டிரெய்லர் அமர்த்துவதுதான் மலிவு. வாழையைப் பெரும்பாலும் வியாபாரியே தோட்டத்தில் வெட்டித் தன் லாரியில் ஏற்றிக்கொள்கிறார். ஆக, ஆண்டுக்கு இரண்டு அறுவடை நாட்களுக்காகப் பெரிய பாரம் தாங்கும் வண்டியை வாங்கி, மற்ற நாளெல்லாம் காலியாக ஓட்டுவதில் பொருள் இல்லை. அவ்வளவு பாரத்துக்கு வைத்த கமான் பட்டை காலி வண்டியில் மடங்காது; ஒவ்வொரு பள்ளத்துக்கும் இடுப்பு எலும்பு பதில் சொல்லும். நீளமான தொட்டி உள்ள மாடல் என்றால் மலை வளைவில் ஒரே திருப்பில் திரும்பாது; பின்னால் எடுத்து மறுபடி திருப்ப வேண்டும். வாய்க்கால் பாலத்திலும் அதே தொல்லைதான்.

அடுத்தது மலை. ஆண்டுக்கு 35 தடவை ஏற வேண்டியிருக்கும் என்று எழுதியிருக்கிறார். அதில் தடம் உண்மையிலேயே வழுக்குவது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான். பத்துத் தடவை என்று வைத்துக்கொள்ளலாம். காபி பழுக்கத் தொடங்குவதும் அந்த நேரம் என்பதால் தள்ளிப்போடவும் முடியாது. இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவை இந்தத் தடத்தில் சிரமமில்லாமல் ஏறும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஃபோர் வீல் டிரைவோடு சாலைக்கு வரும்போது 25 லட்சத்தைத் தாண்டிவிடும். இவருடைய 12 லட்சத்துக்கு மேல் குறைந்தது 13 லட்சம். 10 சதவிகித வட்டி என்றாலே ஆண்டுக்கு 1,30,000 ரூபாய். அந்தப் பத்து நாளுக்கு வாடகை ஜீப்புக்குத் தடவைக்கு 3,000 ரூபாய் கொடுத்தாலும் 30,000-தான் ஆகும். நண்பர்கள் சொல்வது வண்டியைப் பொறுத்தவரை தவறில்லை. இரண்டு ஏக்கர் காபி அந்த வட்டியைத் தாங்காது, அவ்வளவுதான்.

குட்டி யானை வகை வண்டிகள் ஊருக்குள் கெட்டிக்காரத்தனமானவை. 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகுதான் சிறு விவசாயி சந்தைக்குச் சொந்த வண்டியில் போகத் தொடங்கினார். ஆனால் சக்கரம் சிறியது, அடி தாழ்வு. கல் தடத்தில் ஏற்றினால் ஒரு பருவத்திலேயே அடிப்பாகம் பேசத் தொடங்கிவிடும்.

மிச்சம் இருப்பது நடுவகை: மகிந்திரா பொலிரோ பிக்கப், பொலிரோ கேம்பர், டாடா யோதா போன்றவை. இவற்றில் இரட்டை கேபின் மாடல்கள் உண்டு. கேம்பரிலும் யோதாவிலும் ஃபோர் வீல் டிரைவ் மாடலும் உண்டு. அது பெரும்பாலும் ஷோரூமில் தயாராக நிற்காது. பதிவு செய்து காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லாதவரிடம் விற்பனையாளர் கையில் இருப்பதைத் தள்ளிவிடப் பார்ப்பார். இரட்டை கேபின் கேம்பர் சுமார் ஒரு டன் ஏற்றும். மேலே சொன்ன கணக்குப்படி இவருக்கு அது போதும். விலை விசாரிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. அதற்கு முந்தைய விலைப்பட்டியலை வைத்துப் பேரம் பேசக் கூடாது.

ஆனால் இரட்டை கேபின்தான் வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் சேறோ பாரமோ இல்லை. மலைக்கு ஏறும் ஆட்கள்.

விடிகாலையில் போடி, தேவாரம், கம்பம் பக்கம் நின்று பார்த்தால் தெரியும், தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் எப்படி வண்டி ஏறுகிறார்கள் என்று. பிக்கப் தொட்டியில் நான்கு பெண்கள், உர மூட்டை மேல் இரண்டு பேர். 'பக்கத்துத் தோட்டந்தானே, மெதுவாகத்தான் போகிறோம்' என்பார்கள். சரக்கு வாகனத்தின் தொட்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். விபத்து நடந்தால் காப்பீடு என்ன செய்யும் என்பது பலருக்குத் தெரியாது. சரக்கு வாகனத்தில் சும்மா ஏற்றிச்செல்லும் பயணிக்கு இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் ஆஷா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. சரக்கின் உரிமையாளரும் அவருடைய பிரதிநிதியும் மட்டும் விலக்கு. சில வழக்குகளில், நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடுவார்கள். எப்படியும் அது கடைசியில் வந்து நிற்பது வண்டிக்காரரின் நிலத்தில்தான். காபிப் பழம் பறிக்க வந்த பெண்ணின் குடும்பத்துக்கோ, அந்தப் பணமும் எத்தனை வருடம் கழித்து வருமோ!

இதில் மகளைப் பள்ளியில் விடுவதும் அடங்கும். மஞ்சள் போர்டு பிக்கப்பின் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாலும் அவள் சரக்கின் உரிமையாளரும் இல்லை, வேலையாளும் இல்லை. சாதாரண மூன்றாம் நபர் காப்பீடு அவளுக்குப் பொருந்தாமல் போகலாம். இதற்கு வழி இருக்கிறது. கட்டணம் தராத பயணிகளுக்கான பொறுப்பு, வேலையாட்களுக்கான சட்டப் பொறுப்பு என்று இரண்டு கூடுதல் பிரிவுகளைச் சரக்கு வாகன பாலிசியில் சேர்க்கலாம். ஆளுக்குச் சிறு தொகைதான் கூடும். ஆனால் கேட்டால்தான் சேர்ப்பார்கள். ஆர்.சி.யில் எத்தனை இருக்கை என்று போட்டிருக்கிறதோ அத்தனை பேருக்குத்தான் சேர்க்கவும் முடியும். இரட்டை கேபின் கேம்பரில் ஓட்டுநரோடு ஐந்து பேர். ஒற்றை கேபினில் அந்த இடம் கிடையாது.

இவர் சாதாரண நாட்களில் மூன்று, நான்கு பேரைக் கூட்டிப்போவதாக எழுதியிருக்கிறார். அதற்கு இரட்டை கேபின் சரியாக இருக்கும். பழப் பறிப்புக்குப் பத்துப் பேர் வேண்டும் என்கிற நாளில் பயணிகளை ஏற்ற உரிமம் உள்ள ஜீப்பைத் தனியாக அமர்த்திக்கொள்ள வேண்டும். சொந்த வண்டி வாங்கிய பிறகு வாடகை கொடுப்பதா என்று தோன்றும். கொடுக்கத்தான் வேண்டும்.

ஃபோர் வீல் டிரைவ் வேண்டுமா என்றால், கேம்பரிலோ யோதாவிலோ அதற்கான கூடுதல் விலை நான்கைந்து ஆண்டு மழைக்கால ஜீப் வாடகைக்குள் அடங்கினால் வாங்கலாம். மீறினால் சாதாரண மாடலே போதும். ஆண்டுக்கு 30,000 ரூபாய் என்ற கணக்கில் ஒன்றரை லட்சம் என்பது எல்லை. வாங்கினால், அந்த இயக்கத்தைச் சேற்றிலும் சறுக்கும் கல்லிலும் மட்டும் போட வேண்டும். காய்ந்த தார்ச்சாலை வளைவில் போட்டு ஓட்டினால் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டு கியர் பாகங்கள் வீணாகும். சாதாரண மாடல் என்றால் வேறொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். காலி பிக்கப்தான் மலையில் அதிகம் வழுக்கும். எஞ்சின் எடை முன்னால், உந்தும் சக்கரம் பின்னால். பின் அச்சுக்கு மேல் ஆறு மணல் மூட்டையைக் கயிறு போட்டுக் கட்டினால் பிடிமானம் கிடைக்கும். கட்டாத மூட்டை இறக்கத்தில் கேபினை இடிக்கும். ஏற எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிற பழக்கத்தை மலையில் வைத்துக்கொண்டால் பிரேக் சூடேறி, தேவைப்படும் இடத்தில் பிடிக்காது.

காகித விஷயத்தில் ஷோரூம்காரர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. சரக்கோடு சேர்த்து வண்டியின் மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. தாண்டினால் தேவை. ஒரே பெயரில் வரும் வண்டியிலேயே ஒரு மாடல் இந்தக் கோட்டுக்குள்ளும் இன்னொன்று வெளியிலும் இருக்கும். எனவே விளம்பரத்தைப் பார்க்காமல் மொத்த எடை எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஓட்டுநர் உரிமத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தைச் சாதாரண இலகு ரக உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று உறுதிசெய்துவிட்டது. எஃப்.சி. எட்டு வருடம் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும். அதிக பாரம் ஏற்றிப் பிடிபட்டால் அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது; கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. தொட்டிக்கு மேல் இரும்புக் கூண்டு, ஏணி, தார்ப்பாய்ச் சட்டம் என்று அடித்தால் அந்த எடையும் பாரக் கணக்கில்தான் கழியும்.

இன்னொன்று, 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளில் பலவற்றில் புகையை வடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. வீட்டிலிருந்து வயலுக்கு, வயலிலிருந்து வீட்டுக்கு என்று தினமும் மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடினால் அது சூடேறாமல் கரி அடைத்துக்கொள்ளும். விளக்கு எரிந்தால் தேனி வரை ஒரே சீராக ஒருமுறை ஓட்டிவிட்டு வர வேண்டும். இவருக்கு வாரம் ஒரு மலைப் பயணம் இருப்பதால் பெரிய தொல்லை வராது. ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்கள் வாங்குமுன் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பழைய வண்டி பார்ப்பதாக இருந்தால், தொட்டிக்கு அடியில் சேஸிஸின் பின்பகுதித் துருவையும், கமான் பட்டை மாட்டியிருக்கும் இடத்தில் வெல்டிங் வைத்த தடயத்தையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மலையில் அடிபட்ட வண்டி அங்கேதான் காட்டிக்கொடுக்கும். கடன் முடிந்ததற்கான 35-ம் படிவம், வங்கித் தடையில்லாச் சான்று, பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்கள் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்கக் கூடாது.

புது வண்டியோ பழைய வண்டியோ, முன்பணம் கட்டுவதற்கு முன் இரண்டு இடத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒன்று, வயலுக்குப் போகும் வாய்க்கால் கரை. ஜூனில் பெரியாறு தண்ணீர் திறந்த பிறகு கரை இளகிவிடும் என்பதால் அகலத்தை டேப் வைத்து அளந்துகொள்வது நல்லது. இன்னொன்று, குரங்கணியைத் தாண்டி தார் முடியும் இடத்திலிருந்து முதல் திருப்பம் வரை, நான்கு பேரை உள்ளே உட்காரவைத்து. டெமோ வண்டியை அங்கே கொண்டுபோக விடமாட்டோம் என்று சொன்னால், அதே மாடலை ஏற்கெனவே மலையில் ஓட்டுகிற ஒருவரைப் போடியில் தேடிப் பிடித்து, அரை நாள் வாடகை கொடுத்து உடன் போய் வரலாம்.