ஜப்பான் நாற்றும் பாம்பன் கடலும்

இராமேசுவர யாத்திரை போகும் நேயர்கள் பாம்பன் பாலத்தைக் கடக்கும்போது கடலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக் கொள்வார்கள். சிலர் காசும் எறிவார்கள். அதோடு நம் கடல் தரிசனம் முடிந்து விடுகிறது. கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி முடித்த பின் ஒரு மணி நேரம் மிச்சமிருந்தால், வடக்குக் கரையோரமாகச் சற்று நடந்து பார்க்கலாம். கடல் அமைதியாக உள்ள மாதங்களில், மூங்கில் சட்டங்கள் சதுரம் சதுரமாக அலைமேல் மிதப்பது தெரியும். மீன் பிடிக்கும் பொறி என்றே நாமும் முதலில் எண்ணினோம். அவை தோட்டங்கள். பன்னிரண்டடிச் சதுரமான ஒரு தெப்பத்தில் கயிறுகளைக் கட்டி, கயிற்றில் பாசித் துண்டுகளை முடிந்து விடுகிறார்கள். ஏறக்குறைய 60 கிலோ நாற்று 45 நாட்களில் நாலு மடங்காகப் பெருகுகிறது. அறுத்துக் காய வைத்தால் அதிலிருந்து காரஜீனன் என்ற பசைப் பொருள் கிடைக்கும். நம் வீட்டுக் குழந்தைகள் சாப்பிடும் ஐஸ்கிரீமிலும், நாம் பல் துலக்கும் பசையிலும் அது சேர்கிறது.

இந்தப் பாசி நம் கடலில் பிறந்ததன்று. கப்பாஃபைகஸ் என்பது அதன் சாஸ்திரப் பெயர், பூர்விகம் பிலிப்பைன்ஸ். ஆனால் நம்மிடம் வந்து சேர்ந்தது ஜப்பான் வழியாக. கோச்சி சர்வகலாசாலையைச் சேர்ந்த உசா கடல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து, பவநகரிலுள்ள மத்திய உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிலையத்தார் 1984-இல் சில துண்டுகளைக் கொண்டு வந்தனர். குஜராத் கரையில் வளர்த்துப் பார்த்துவிட்டு, 1995-இல் மண்டபத்துக்கு அனுப்பினர்.

ஜப்பானுக்கும் இந்தக் கரைக்கும் பாசி உறவு அதற்கு முன்பே உண்டு. ரம்ஜான் மாதத்தில் கீழக்கரை வீடுகளில் பாலில் காய்ச்சி உறைய வைக்கும் கடற்பாசியை நேயர்கள் ருசித்திருக்கலாம். அகர் என்று சொல்லும் அந்தச் சரக்கை உலகத்துக்கெல்லாம் விற்று வந்தவர்கள் ஜப்பானியர். கிருமிகளை வளர்த்து ஆராயும் வைத்திய சாலைகளுக்கும் அது இன்றியமையாதது. இரண்டாவது உலக யுத்தத்தில் வரத்து நின்றதும், அவரவரும் தத்தம் கரையில் தேடத் தொடங்கினார்கள். நம்மவர் கண்ணில் அப்போதுதான் இராமேசுவரத்துக் கஞ்சிப் பாசி பட்டது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளைத் தடுத்து வைத்துப் பரிசோதித்த மண்டபம் முகாமில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949-இல் குடியேறியது. தலைமை ஸ்தானம் 1971-இல் கொச்சிக்குப் போய்விட்டாலும், மண்டபத்தில் ஆராய்ச்சி நிற்கவில்லை.

ஜப்பான் ருஷ்யாவை வென்ற 1905-ஆம் வருஷம் முதல், நம் தேசத்தார் அந்நாட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதுண்டு. கப்பலைப் பார்த்தோம், பீரங்கியைப் பார்த்தோம், யந்திரசாலைகளைப் பார்த்தோம். (அந்தக் கப்பலும் பீரங்கியும் கொரியரையும் சீனரையும் என்ன பாடு படுத்தின என்பது பிற்பாடுதான் நமக்கு நன்றாக உறைத்தது.) மீன்காரன் வீட்டுக்குள் விஞ்ஞானம் எப்படி நுழைந்தது என்று பார்த்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவர் வெள்ளைக்காரர். சென்னை மாகாணத்து உத்தியோகஸ்தர். கூட்டுறவுச் சங்கங்களை நம் நாட்டில் தொடங்க வேண்டுமென்று எழுதிய பிரடெரிக் நிக்கல்ஸனே அவர். ஜப்பானுக்குப் போய் அங்கத்திய மீன்பிடி தொழிலைக் கண்டு வந்து, 1907-இல் அறிக்கை வெளியிட்டார். சென்னை மீன் இலாகா அவர் கையில் பிறந்ததுதான்.

அங்கே விஞ்ஞானம் குடிசைக்குள் நுழைந்த கதை ஒன்றைச் சொல்கிறோம். சோற்றைச் சுருட்டித் தின்பதற்கு ஜப்பானியர் நோரி என்ற பாசியைக் காகிதம் போல் உலர்த்தி வைத்துக் கொள்வார்கள். அதை நூற்றாண்டுகளாகப் பயிரிட்டும், வித்து எங்கிருந்து வருகிறது என்பது ஒருவருக்கும் தெரியாது. கோடையில் பாசி மறைந்து விடும். குளிர் காலத்தில் கழிகளில் தானாக முளைக்கும். சில வருஷங்களில் முளைக்காமலும் போகும். மறைவிடத்தைக் கண்டு பிடித்தவர் இங்கிலாந்து தேசத்து மாதரசி காத்லீன் ட்ரூ. விவாகம் ஆனதால் மான்செஸ்டர் சர்வகலாசாலையில் போதிக்கும் வேலை போய், சம்பளமில்லாமல் ஆராய்ச்சி செய்து வந்தவர் அவர். பாசியின் வித்து சிப்பி ஓட்டுக்குள் இளஞ்சிவப்பு நூலாகக் கோடையைக் கழிக்கிறது என்று 1949-இல் எழுதினார். ஜப்பானியர் அதைப் படித்தார்கள். குமமோட்டோ மாகாணத்து மீன் ஆராய்ச்சி நிலையம் சில வருஷங்களுக்குள் சிப்பி ஓட்டிலே நாற்று விடும் முறையை வகுத்துக் கொடுத்தது. ட்ரூ அம்மையார் ஜப்பான் மண்ணை ஒரு நாளும் மிதித்ததில்லை, 1957-இல் காலமானார். ஆயினும் பாசிக்காரர்கள் பணம் சேர்த்து, உட்டோ என்ற ஊரில் கடலைப் பார்த்தபடி 1963-இல் அவருக்கு ஞாபகச் சின்னம் எழுப்பினார்கள்.

அந்த நாற்று பணக்காரக் கம்பெனியின் பெட்டிக்குள் போகாமல் செம்படவர் கைக்கு எப்படிப் போயிற்று? கரையோரக் கடலில் தொழில் செய்யும் உரிமையை 1901-ஆம் வருஷத்துச் சட்டம் அந்தந்த ஊர் மீனவர் சங்கங்களுக்கு வழங்கியிருந்தது. 1949-ஆம் வருஷத்துச் சட்டமும் அதைப் பெரும்பாலும் நிலை நிறுத்தியது. கடல் சங்கத்தினுடையது, ஆகவே நாற்றும் சங்கத்துக்கு வந்தது. நாம் உசாவிலிருந்து நாற்றை மட்டும் எடுத்து வந்தோம். இந்த ஏற்பாட்டை எடுத்து வரவில்லை.

மண்டபத்தில் நடந்ததைப் பாருங்கள். 2000-ஐ ஒட்டிப் பெப்ஸிகோ கம்பெனி வந்தது. பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்கு பாங்கிக் கடன் கிடைத்தது, தெப்பங்கள் பெருகின. நல்ல காரியந்தான், பல குடும்பங்கள் வட்டிக் கடனிலிருந்து தலை நிமிர்ந்தன. 2008-இல் அந்தக் கம்பெனி கைமாற்றிவிட்டுப் போயிற்று. 2013-ஐ ஒட்டிக் கடல் சூடேறிப் பாசி கூட்டங் கூட்டமாக மடிந்தது. வித்தில்லாமல் கிளையை ஒடித்து ஒடித்தே நட்டு வந்த பயிர். எல்லாம் ஒரே தாயின் துண்டுகள். ஒன்றுக்கு ஆகாதது ஒன்றுக்கும் ஆகாது. புது வித்து எது, எந்த மாதம் நடலாம் என்று கேட்கவோ, நஷ்டத்தைப் பங்கிடவோ, உட்டோவில் இருந்தது போன்ற உரிமைச் சங்கம் இங்கே இல்லை.

ஜப்பானில் எல்லாம் பொன்னாக இருந்தது என்று நேயர்கள் எண்ண வேண்டாம். ட்ரூ அம்மையாருக்குச் சின்னம் எழுப்பிய அதே குமமோட்டோ மாகாணத்தில்தான் மினமாட்டா இருக்கிறது. அங்கே சிஸ்ஸோ கம்பெனியின் ரசாயனச் சாலை பாதரசத்தைக் குடாவில் விட்டது. மீன் தின்றவர்களுக்குக் கை கால் முடங்கியது. கருவிலிருந்த சிசுக்களும் தப்பவில்லை. 1956-இல் நோய் பதிவாயிற்று. 1959-இல் குமமோட்டோ சர்வகலாசாலை வைத்தியர்கள் பாதரசமே காரணமென்று சொன்னார்கள். சர்க்கார் ஒப்புக் கொண்டது 1968-இல்! அத்தனை வருஷமும் சாலை ஓடிக் கொண்டிருந்தது. விஞ்ஞானம் பேசாமலில்லை, அதன் பேச்சைக் கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

நம் பக்கத்திலும் அபாயக் குரல் கேட்டது. குருசடைத் தீவில் பவளப் பாறைகள் மீது கப்பாஃபைகஸ் படர்ந்து மூடுகிறது என்று 2008-இல் சில விஞ்ஞானிகள் எழுதினார்கள்; மறுப்பும் எழுந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. தலைமுறை தலைமுறையாக அங்கே மரிக்கொழுந்துப் பாசி பறித்து வந்த பெண்களுக்கு அனுமதியில்லை. விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்குகிறவர்கள் சட்டத்தின் முன் அத்துமீறியவர்கள். வெளிநாட்டுப் பாசி மட்டும் விருந்தாளி. இந்தப் பெண்களோ யாரும் சொல்லாமலே, மாதத்தில் பன்னிரண்டு நாட்கள்தான் பறிப்பது என்று தமக்குள் கட்டுப்பாடு செய்து கொண்டார்கள். அவர்களுடைய தலைவி, சின்னப்பாலத்து ஸ்ரீமதி லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவில் ஸீகாலஜி பரிசு கொடுத்துக் கௌரவித்தார்கள். பரிசு கொடுக்க முன்வந்தது கடல் கடந்த ஸ்தாபனம் என்பதை எண்ணி நாம் கொஞ்சம் வெட்கப்படலாம்.

இராமநாதபுரம் ஜில்லா வளமாவூரில், நூற்றிருபத்தேழு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் பாசிப் பூங்கா அமைக்க 2023-இல் அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். ஆராய்ச்சிக்கும் நாற்றுக்கும் பணம் செலவாவதில் நமக்குச் சந்தோஷமே. அதன் நிர்வாக சபையில் சின்னப்பாலத்துப் பெண்களில் இருவருக்கேனும், பாக் நீரிணைத் தெப்பக்காரர்களில் இருவருக்கேனும் நாற்காலி போட வேண்டும் என்பது நமது கோரிக்கை. மற்றொன்று: சபைக் கூட்டத்தை அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வைக்க வேண்டாம். அந்த நாட்களில் அவர்கள் கடலில் இருப்பார்கள்.