கத்தியில் சீவிய இரும்பு



மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்து உழைக்கும் அன்பர் ஒருவர், 2025-ஆம் ஆண்டு தை மாதத்தில் தம் ஆயில் எஞ்சினை வண்டியில் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் வந்து சேர்ந்தார். பாத்திகளுக்கு உப்புநீர் இறைக்கும் 5 குதிரைத்திறன் எஞ்சின் அது. அவருடைய தந்தையார் வாங்கி வைத்துவிட்டுப் போனது. உள்ளே ஊற்றிய எண்ணெயில் நீர் கலந்து, மோர்போல வெளுத்துப் போயிருந்தது. "சாமி, ஒருவர் வெல்டிங் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார். இன்னொருவர் எடைக்குப் போடு என்கிறார். நீங்களும் ஒருமுறை வந்து பாருங்கள்" என்றார். உடன் வந்திருந்த அவர் மனைவி ஒன்றும் பேசவில்லை. காதில் தோடு இருந்த இடத்தில் ஈர்க்குச்சி இருந்தது. பணம் எங்கிருந்து வந்ததென்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. உப்புப் பருவமோ தொடங்கும் தறுவாயில் நின்றது.

எனக்கு இயந்திர ஞானம் மிகக் குறைவு. குருமடத்தில் இலத்தீன் கற்பித்தார்களேயன்றி லைனர் கழற்றக் கற்பிக்கவில்லை. ஆயினும் பட்டறைக்கு உடன் சென்றேன்.

அங்கே வேறொரு எஞ்சின் முன்னரே பிரித்துக் கிடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, நம் பக்கத்து மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வெள்ளத்தில் கிணற்றடிக் கொட்டகையோடு மூழ்கிய எஞ்சின் அது. மேலெல்லாம் செந்துரு. பார்க்கவே அருவருப்பாக இருந்தது. நம் அன்பருடையதோ பச்சை வண்ணம் பூசிப் பளபளவென்று இருந்தது. எது பிழைக்கும் என்று என்னைக் கேட்டிருந்தால் தயங்காமல் பச்சையைக் காட்டியிருப்பேன்.

மெக்கானிக் என் கருத்தைக் கேட்கவில்லை, நல்லதாயிற்று. துருப்பிடித்த பிளாக்கின் மேல் மண்ணெண்ணெயைத் தடவிச் சற்று ஊறவிட்டார். பிறகு நன்றாகத் துடைத்து, சாக்குப் பொடியைத் தூவினார். வெடிப்பு இருந்தால் அதனுள் புகுந்த மண்ணெண்ணெய் மீண்டும் கசிந்து, வெள்ளைப் பொடியில் ஈரக்கோடு இழுத்துக் காட்டிவிடும். கோடு எதுவும் தோன்றவில்லை. லைனர் மட்டும் குழிகுழியாக அரித்திருந்தது. ஆனால் லைனர் மாற்றக்கூடிய உறுப்புத்தானே! அது அமரும் இடமும், ஹெட் உட்காரும் மேல்தளமும், கிராங்க் சுழலும் தாங்கிகளும் கேடின்றி இருந்தன. பிளாக்கின் உயிர் அந்த மூன்று இடங்களில்தான் இருக்கிறதாம். வெளித்துரு கம்பித் தூரிகைக்குப் போய்விடும்.

அந்த உழவர் செய்த புத்திசாலித்தனம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். வெள்ளம் வடிந்ததும் எஞ்சின் ஓடுகிறதா என்று அவர் கைப்பிடியைப் போட்டுச் சுற்றிப் பார்க்கவில்லை. சிலிண்டருக்குள் நீர் நின்றால் அது அமுங்காது. பிஸ்டனை இணைக்கும் தண்டு வளைந்து போகும். அவர் எண்ணெயை வடித்து, இன்ஜெக்டரைக் கழற்றி, உள்ளே டீசலை ஊற்றி வைத்துவிட்டுப் பட்டறைக்கு ஆள் அனுப்பினார்.

இனி பச்சை எஞ்சினுக்கு வருவோம். சிலிண்டரைச் சுற்றி நீர் ஓடும் அறையை மெக்கானிக் திறந்தார். உள்ளே உப்புப் படிவு அடைத்துக் கிடந்தது. அதைத் தட்டி உதிர்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாக்கத்தியை எடுத்துச் சுவரைச் சீவினார். இரும்பு சீவலாக வந்தது! பென்சிலைச் சீவினால் வருமே, அதே கருப்பு.

வார்ப்பிரும்பில் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கு கரி கலந்திருக்கிறது. உப்புநீர் பல ஆண்டுகள் ஓடினால் இரும்பை மட்டும் கரைத்துக்கொண்டு போய்விடும். கரி அதே வடிவத்தில் நின்றுவிடும். கடலடியிலிருந்து மேலே எடுத்த பழம் பீரங்கிகள் கத்திக்கு இணங்கும்படி மென்மையாய் இருந்ததும் இதனால்தான். உருவம் குறைவதில்லை, வண்ணமும் கெடுவதில்லை. இரும்பு மட்டும் இருக்காது.

வெல்டிங் வைக்கலாமே என்று நான் கேட்டேன். நல்ல வார்ப்பிரும்பிலேயே வெல்டிங் எளிதன்று; பதமாகச் சூடேற்றாமல் வைத்தால் ஒட்டின் அருகிலேயே புதிதாக வெடிக்கும் என்றார். வெடிப்பின் ஓரமாகத் துளையிட்டு உலோகச் சாவிகளை இறுக்கித் தைக்கும் முறையும் இருக்கிறது; அதற்கு நெருப்பே வேண்டாம். "ஆனால் சாமி, தைப்பதற்குத் துணி வேண்டாமா?" என்றார்.

சில எஞ்சின்களுக்கு இன்னொரு வழி உண்டு. இங்கிலாந்து லிஸ்டர் எஞ்சினைப் பார்த்து இராஜ்கோட்டில் செய்தவற்றில் சிலிண்டர் தனி வார்ப்பு. அதை மட்டும் மாற்றிவிடலாம். இதிலோ யாவும் ஒரே வார்ப்பு. (லாரி, டிராக்டர் வைத்திருப்போருக்கு ஒரு சொல்: பிளாக்கை மாற்றினால் எஞ்சின் எண்ணும் மாறுகிறது. பதிவுச் சான்றிலும் அதைத் திருத்தியாக வேண்டும்.)

பட்டறைகளில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பழுது பார்க்கும் செலவு, நல்ல பழைய பிளாக் ஒன்றின் விலையில் பாதியைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். கேடு எதனால் வந்ததென்று தெரியாவிட்டால், செலவு எவ்வளவு குறைவாயினும் யோசிக்க வேண்டும். இங்கே காரணம் கண்முன் இருந்தது. இறைக்கும் குழாயிலிருந்தே ஒரு சிறு குழாயைப் பிரித்து எஞ்சினைக் குளிர வைத்திருந்தார்கள். நன்னீர்க் கிணற்றில் அது சரி. உப்பளத்தில் அது நஞ்சு.

அன்பருக்கு மனம் வரவில்லை. "அப்பா வாங்கியது" என்று இருமுறை சொன்னார். கிராங்க், ஃப்ளைவீல், ஹெட், டீசல் பம்ப் யாவும் நன்றாகவே இருக்கின்றன, வேறொரு பிளாக்கில் ஏறிக்கொள்ளும் என்று மெக்கானிக் ஆறுதல் கூறினார். இனிமேல் 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை உயரத்தில் வைத்து, நன்னீர் நிரப்பி, இரு குழாய்களால் எஞ்சினோடு இணைக்கச் சொன்னார்.

அதுவரை பேசாதிருந்த அம்மையார் அப்போதுதான் வாய் திறந்தார். "குடிக்கிற தண்ணீருக்கே நான் குடத்தோடு வரிசையில் நிற்கிறேன். இதற்கு எங்கே போவேன்?"

அந்தக் கேள்விக்கு விடையில்லாததால்தான் இத்தனை ஆண்டுகள் உப்புநீர் ஓடியது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

மெக்கானிக் கரித்துண்டை எடுத்துத் தரையில் படம் வரைந்தார். சூடான நீர் மேல் குழாய் வழியாகப் பீப்பாய்க்கு ஏறும். ஆறிய நீர் கீழ்க் குழாய் வழியாக எஞ்சினுக்கு இறங்கும். அதே நீரே சுற்றிச் சுற்றி வரும். ஆவியாவதை ஈடுசெய்தால் போதும். அம்மையார் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "அப்படியானால் இரண்டு நாளைக்கு ஒரு குடம்" என்றார். தம் கணவரைப் பார்த்து, "பிளாக்கை எடைக்குப் போடுங்கள்" என்றார்.