மழையும் வெள்ளிக்கிழமையும்



வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கிழக்கேகோட்டையில் சிறிது நேரம் நின்று பாருங்கள். முதுகில் ஒரு பை, பின்னிருக்கையில் ஒரு நண்பன், நெஞ்சம் நிறைய ஊர் நினைவு என்று நாகர்கோவிலையும் தக்கலையையும் நெல்லையையும் நோக்கிப் புறப்படும் மோட்டார் சைக்கிள்களை எண்ணினால் விரல்கள் போதா. பழவங்காடிப் பிள்ளையார் முன் இறங்கித் தேங்காய் உடைத்துவிட்டுப் போகிறவர் சிலர். வண்டியில் இருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர் பலர். தேங்காய் உடைப்பதை நான் குறை கூறவில்லை. அது உடைவதற்கென்றே விளைந்த பொருள். தலை அப்படிப்பட்டதன்று. தலைக்கவசத்தை வண்டியின் கண்ணாடியில் மாலையாகத் தொங்கவிட்டு, உயிரைப் பிள்ளையாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும் பக்தி எனக்கு விளங்கவில்லை.

மழையில் வண்டி ஓட்டுவது எப்படி என்று கேட்போர் நம்மில் பலர் உளர். எப்போது புறப்படுவது என்று கேட்போரைத்தான் காணோம். இரண்டாவது கேள்விக்கு விடை கண்டுவிட்டால் முதற்கேள்வியின் கடுமை பெரிதும் குறைந்துவிடும் என்பது என் கருத்து.

இந்நகருக்கு மழை ஆண்டில் இருமுறை வருகிறது. ஜூன் மாதத்தில் தொடங்குவதை இவ்வூரார் இடவப்பாதி என்பர். அதற்கு நேரங்காலம் இல்லை. விடியலிலும் பெய்யும், நடுநிசியிலும் பெய்யும். அக்டோபரிலும் நவம்பரிலும் வருவது துலாவர்ஷம், அதாவது நம் ஐப்பசி மழை. இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். நண்பகலுக்குமேல் கிழக்கே மலைமீது கருமேகம் திரளும். பிற்பகலிலும் மாலையிலும் இடி மின்னலோடு கொட்டித் தீர்க்கும். கடலில் காற்றழுத்தத் தாழ்வு தோன்றிய நாட்களை விட்டுவிட்டால் பெரும்பாலும் இதுவே அதன் நடைமுறை. வகுப்பு முடிந்து நாம் வண்டியை எடுக்கும் நேரமும், வானம் மடை திறக்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. போதாக்குறைக்கு இருட்டும் சேர்ந்துகொள்கிறது. மறுநாள் காலை ஆறு மணிக்குப் புறப்படுகிறவனோ, உலர்ந்த சாலையில் போய் எட்டு மணிக்கெல்லாம் நாகர்கோவிலில் அம்மா சுட்ட தோசையைத் தின்றுகொண்டிருப்பான். ஓர் இரவு தாமதம். அவ்வளவுதான் அவன் இழந்தது.

“மழைக்கு அஞ்சுவதா? தமிழன் புறமுதுகு காட்டுவதா?” என்று நம் விடுதியில் ஒரு நண்பர் கேட்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிரே நிற்பது பகைவன் அல்லன், உராய்வு விதி. அது பரணி பாடினாலும் மசியாது. நான் இயற்பியல் படிப்பவன். சிறு கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன், பொறுத்தருளுக. உலர்ந்த தார்ச்சாலையில் டயருக்கும் சாலைக்கும் இடையேயுள்ள உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.7. நனைந்த சாலையில் அது 0.4 அளவுக்கு இறங்கிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கை வைப்பதற்கு ஒரு வினாடி ஆகும். அதற்குள் வண்டி 17 மீட்டர் போய்விடும். பிறகு நிற்பதற்கு உலர்ந்த சாலையில் 20 மீட்டர், நனைந்த சாலையில் 35 மீட்டர். ஆக, 37 மீட்டரில் நிற்க வேண்டியவன் 52 மீட்டரில் நிற்கிறான். இடையிலுள்ள 15 மீட்டர் ஒரு முழு பஸ்ஸின் நீளத்தைவிட அதிகம். அந்த இடத்தில் ஒரு பஸ் நின்றிருந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. வேகத்தை 40-ஆகக் குறைத்தால் நனைந்த சாலையிலும் 27 மீட்டரில் நின்றுவிடலாம். கிழக்கேகோட்டையிலிருந்து நாகர்கோவில் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். 60-இல் போகிறவனுக்கும் 40-இல் போகிறவனுக்கும் வேறுபாடு கணக்கின்படி அரைமணிக்குச் சற்று அதிகம். அதிலும் பாதியைப் பாலராமபுரமும் நெய்யாற்றின்கரையும் நெரிசலில் விழுங்கிவிடுகின்றன.

பிரேக்கைப் பற்றி நம்மவரிடையே ஒரு மூடநம்பிக்கை உண்டு. முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி கவிழும் என்று சொல்லிச் சொல்லியே பின் பிரேக்கை மட்டும் மிதித்துப் பழகியிருக்கிறோம். வண்டி நிற்க முயலும்போது எடை முன்னே சாய்கிறது. ஆகவே நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன் சக்கரத்திற்கே உரியது. மழையில் இரண்டையும் சேர்த்து, வண்டியை நேராக வைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். வெடுக்கென்று பிடிப்பதுதான் கேடு. ‘என் வண்டியில் ஏ.பி.எஸ். இருக்கிறது’ என்று மார்தட்டுவோரும் உளர். அது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும். சாலையில் இல்லாத உராய்வை அது எங்கிருந்து கொண்டுவரும்?

தென்காசிப் பக்கத்து நண்பர்களுக்குத் தனியாக ஒரு சொல். பாலோடு, மடத்தறை, குளத்துப்புழை, தென்மலை, ஆரியங்காவு என்று வளைந்து வளைந்து செல்லும் உங்கள் வழி அழகானது. வளைவில் வண்டி சாயக்கூடிய கோணத்துக்கும் உராய்வே எல்லை வகுக்கிறது. உலர்ந்த சாலையில் 35 பாகை சாயலாம் என்றால், நனைந்த சாலையில் 22 பாகையோடு சரி. ரப்பர்த் தோட்டத்து இலைகள் விழுந்து ஊறிக்கிடக்கும் இடத்தில் அதுவும் கிடையாது. எனவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுக. வளைவுக்குள் சென்றபின் பிரேக்கைத் தேடுவது காலங்கடந்த ஞானம்.

நெடுநாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் அரைமணி மழை பெருமழையைவிடப் பொல்லாதது. சாலையில் படிந்துள்ள எண்ணெயும் புழுதியும் டயர்த்தூளும் நீரோடு குழைந்து வழவழவென்று ஆகிவிடும். அந்நேரத்தில் ஒரு தேநீர்க்கடையில் ஒதுங்குவது அறிவுடைமை. வெள்ளைக்கோடுகள், மூடியிட்ட சாக்கடைகளின் இரும்புத் தகடுகள், மார்த்தாண்டம் மேம்பாலத்தைப் போன்ற பாலங்களின் இணைப்புப் பட்டைகள் ஆகியவற்றின்மேல் திரும்புவதும் பிரேக் பிடிப்பதும் ஆகா. தேங்கிய நீரின் ஆழத்தை யாரும் பார்த்து அறிய முடியாது. கிழக்கேகோட்டையிலும் தம்பானூரிலும் ஒருமணி மழைக்கே முழங்கால் நீர் நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். 2015-இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்று பெயரிட்டு வடிகால்களைத் தூர் வாரினார்கள். இருந்தும் தேங்கிய நீரின் அடியில் என்ன இருக்கிறது என்பதை முன்னே போகும் வண்டி குலுங்குவதைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

நெல்லைக்குப் போவோர்க்கு நாகர்கோவிலைத் தாண்டியதும் வேறொரு பகை காத்திருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளை ஆயிரக்கணக்கில் நட்டது வேடிக்கைக்காக அன்று. தென்மேற்குப் பருவத்தில் முப்பந்தலில் காற்று பக்கவாட்டில் அறையும். ஒரு லாரியை முந்தும்போது அதன் மறைவில் காற்று நின்றுவிடும். நாமும் அதற்கேற்ப நிமிர்ந்திருப்போம். லாரியைக் கடந்த கணமே காற்று திரும்பவும் வந்து மோதும். சாரலும் லாரிச் சக்கரம் வாரியிறைக்கும் நீரும் சேர்ந்துவிட்டால் கண்ணும் இல்லை, பிடியும் இல்லை. அங்கே முந்தாமல் பின்தங்கிப் போவதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

தலைக்கவசத்தின் வரலாற்றை நம்மில் பலர் அறியோம். அரேபியாவின் லாரன்ஸ் என்று உலகம் போற்றிய வீரர், 1935 மே 13-ஆம் நாள் இங்கிலாந்தில் தம் வீட்டருகே மோட்டார் சைக்கிளில் சென்றபோது, சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள்மீது மோதாதிருக்கத் திருப்பி, தூக்கியெறியப்பட்டு, ஆறு நாட்கள் நினைவின்றிக் கிடந்து மாண்டார். போர்க்களங்கள் கொல்லாத அவரைக் கவசமில்லாத தலை கொன்றது. அவருக்கு மருத்துவம் பார்த்தவர்களுள் ஒருவரான மூளை அறுவை மருத்துவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ், அச்சாவை மறக்கவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். அதன் பயனாகவே பிரிட்டிஷ் படையின் தூதோட்டிகளுக்குத் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. நம் நாட்டிலோ, 2022-ஆம் ஆண்டில் மட்டும் தலைக்கவசம் அணியாமல் மாண்டவர் 50,029 பேர் என்று மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் காட்டுகிறது. அவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். பின்னிருக்கை நண்பனுக்கும் தலை உண்டு என்பதை நாம் ஏன் மறக்கிறோம்? அவன் கையில் கவசத்துக்குப் பதிலாகக் குடையைக் கொடுத்து விரிக்கச் சொல்வது இன்னொரு கொடுமை. இதைக் கேரளப் போக்குவரத்துத் துறை 2021-லேயே தடை செய்துவிட்டது. காற்றில் குடை பாய்மரமாகிவிடும் என்பதற்கு அரசாணை வேண்டுமா என்ன?

பஸ்ஸும் ரயிலும் இருக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி, கொட்டும் மழைநாளில் அவையே சரி. ஆனால் நாகர்கோவிலில் இறங்கி உள்ளூர்க் கிராமத்துக்குக் கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டவனின் நிலை எனக்குத் தெரியும். பிழைப்புக்காக நெல்லைச் சீமையை விட்டு வந்த குடும்பம் எங்களுடையது. சொந்த ஊர் போவது என்றால் மூன்று வண்டி மாற வேண்டும். ஆதலால் மோட்டார் சைக்கிளையே விட்டொழியுங்கள் என்று நான் கூறமாட்டேன்.

வீட்டாரிடமும் ஒரு விண்ணப்பம். “எங்கே வந்திருக்கிறாய்? சோறு ஆறுகிறது” என்று அரைமணிக்கு ஒருமுறை தொலைபேசியில் அழைக்கும் அன்பு, பிள்ளையின் வலக்கையை முறுக்க வைக்கும் அன்பு. காலையில் வருகிறேன் என்று முன்னமே சொல்லிவிட்டால் அவர்களும் நிம்மதியாக உறங்குவார்கள்.

நம் சங்கத்தையும் சும்மா விடுவதற்கில்லை. பட்டிமன்றமும் கவியரங்கமும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் தொடங்கி, நன்றியுரை முடிய ஆறு மணி ஆகிறது. அதற்குப் பிறகு ஊருக்குப் புறப்படுகிறவன் இருட்டிலும் மழையிலும்தான் போயாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இரு மாதங்களுக்காவது கூட்டங்களைப் புதன்கிழமைக்கு மாற்றுக. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரே திசையில் போகிறவர்கள் சேர்ந்து புறப்பட ஏற்பாடு செய்க. வானிலைத் துறை தன் ராடார் படத்தை யாவரும் காணத் திறந்தே வைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அதைப் பார்த்து, மேகம் எங்கே நிற்கிறது என்று விடுதி அறிவிப்புப் பலகையில் நான்கு வரி எழுத ஓர் ஆள் போதும். அந்த வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். சுண்ணக்கட்டியை மட்டும் சங்கம் கொடுக்கட்டும்.