‘முன்னாள்’ என்னும் அடைமொழி

அரசு ஏடுகள் அவர்களை ‘முன்னாள் படைவீரர்’ என்று குறிக்கின்றன. ஊர் அவ்வாறு அழைப்பதில்லை. ஓய்வு பெற்று முப்பது ஆண்டுகள் கழிந்தாலும் அவர் பட்டாளத்தார்தாம். அவர் குடியிருப்பது பட்டாளத்தார் வீடு. அவருடைய பேரனும் ‘பட்டாளத்தார் பேரன்’ என்றே அறியப்படுகிறான். அஞ்சலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர் சில ஆண்டுகளில் வெறும் தாத்தா ஆகிவிடுகிறார். பட்டாளத்திலிருந்து திரும்பியவரோ கல்லறை வரை சுபேதார்.

இதைக் கண்டு நகைப்போர் நம்மிடையே உண்டு. “மாதச் சம்பளத்திற்குப் பார்த்த வேலைதானே, ஓய்வூதியம் வருகிறது, கேன்டீன் சலுகை இருக்கிறது, இன்னும் எதற்கு இந்த மீசையும் மிடுக்கும்?” என்பது அவர்களது வாதம். (இவ்வாறு பேசுவோரே திருவிழா நெருங்கும்போது கேன்டீன் பாட்டிலுக்காகப் பட்டாளத்தாரின் வீட்டுத் திண்ணையில் முதலில் வந்து அமர்பவர்கள் என்பது வேறு செய்தி.) மற்றொரு சாராரும் உளர். சனவரி 26 அன்று அவரை மேடையேற்றி, மாலை சூட்டி, கொடியேற்றச் செய்து, மறுநாளே ஏதேனும் ஒரு வங்கியின் வாயிலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் காவலாளியாக அவரை மறந்துவிடுவோர் அவர்கள். முதல் சாராரின் ஏளனத்தைவிட இரண்டாம் சாராரின் மாலையே கொடியது என்பது நமது கருத்து.

பட்டாள வாழ்வு ஒரு வேலை மட்டுமே என்போர், ஒரு படைவீரன் எவ்வாறு உருவாக்கப்படுகிறான் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. நீலகிரி வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையத்திற்குப் பதினெட்டு வயது நிரம்பிய கிராமத்து இளைஞன் செல்கிறான். முடி ஒட்ட வெட்டப்படுகிறது. பெயருக்கு முன்னே ஓர் எண் வந்து நிற்கிறது. உறங்கும் நேரமும் உண்ணும் நேரமும் நடக்கும் நடையும் மாற்றப்படுகின்றன. 1758 முதல் தன் வரலாற்றைக் கணக்கிடும் அப்படைப்பிரிவு, தன் மூதாதையர் அனைவரையும் அவனுக்கு உறவாக்குகிறது. ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்னும் போர்முழக்கத்தை அவன் நாவில் ஏற்றுகிறது. மறைக்கல்வி வகுப்பில் ஐந்தாம் கட்டளையை மனப்பாடம் செய்த அதே நா அது. இத்தனையும் தற்செயலாக நிகழ்வதல்ல, திட்டமிட்டுச் செய்யப்படுவது. தனி மனிதன் ஒருவன், அச்சம் வரும்போது ஓடிவிடாமல் தோழனின் அருகில் நிற்பதற்காகவே அவனுக்கு இப்புதிய ஆளுமை வழங்கப்படுகிறது. அதனை வழங்கிய நாடு, ஓய்வூதிய ஆணையோடு அதுவும் கழன்று விழவேண்டும் என எதிர்பார்ப்பது எவ்வகையில் நியாயம்?

மேலும், தமிழ்ப் பட்டாளத்தாரின் பெருமிதத்திற்கு மற்றொரு காரணமும் உண்டு. 1880-களில் மதராஸ் படைக்குத் தலைமை தாங்கிப் பின்னர் இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியான ராபர்ட்ஸ் பிரபு, தென்னாட்டார் போருக்கு ஏற்றவர் அல்லர் என்று தீர்ப்பிட்டார். ‘போர்க்குடிகள்’ என்னும் பொய்யான கோட்பாட்டின் பெயரால் மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது, ஏற்றவரல்லர் எனப்பட்டவர்களே மீண்டும் அழைக்கப்பட்டனர். 1944-இல் இத்தாலியில் மதராஸ் சேப்பர்ஸ் பிரிவின் சுபேதார் சுப்பிரமணியன், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மீது தம் உடலைக் கிடத்தித் தோழர்களைக் காத்து மாண்டார். அவருக்கு ஜார்ஜ் சிலுவை அளிக்கப்பட்டது. இழித்துரைக்கப்பட்ட ஓர் இனத்தின் மறுமொழி அது. கிழவரின் மார்பில் தொங்கும் பதக்கத்தைக் கண்டு சிரிப்பவர் இந்த வரலாற்றையும் சேர்த்தே சிரிக்கிறார்.

இவ்வளவும் கூறியபின், பெருமிதம் அனைத்தும் புனிதமானது என்று நாம் சாதிக்க வரவில்லை. பங்குப் பேரவையைப் படைப்பிரிவாகவும், மனைவி மக்களைப் புதுப்பயிற்சியாளர்களாகவும் நடத்தும் சில சுபேதார்களை நாம் அறிவோம். தேர்ப்பவனியை ஒழுங்குபடுத்த அவர்களைப் போல் எவருமிலர். ஆனால் ஒருமுறை ஆணையிட்டபின் எதிர்வாதம் கேட்கும் பழக்கம் அவர்களிடம் இல்லை. அது சிறு குறை, பொறுத்துக்கொள்ளலாம். பெருங்குறை வேறிடத்தில் இருக்கிறது.

பட்டாளத்தாரிடம் 1971 பற்றிக் கேளுங்கள், மணிக்கணக்கில் பேசுவார். கார்கில் பற்றிக் கேளுங்கள், வரைபடமே வரைந்து காட்டுவார். இலங்கை பற்றிக் கேளுங்கள். பேச்சு அங்கே நின்றுவிடும். 1987 சூலை 29-இல் கையெழுத்தான உடன்பாட்டின்படி இந்திய அமைதிப்படை ஈழத்திற்குச் சென்றது. அமைதி காக்கப் போனவர்கள் சில மாதங்களில் போரிட்டார்கள். 1990 மார்ச்சில் திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்திருந்தார்கள். 1987 நவம்பரில் அங்கு வீழ்ந்து பரம்வீர் சக்கரம் பெற்ற மேஜர் இராமசாமி பரமேஸ்வரன் ஒரு தமிழர். அவரைச் சுட்டவர்களும் தமிழர்கள். அதே ஆண்டு அக்டோபரில், தீபாவளி நாளில், யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் அப்படையினர் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் மாண்டனர். படை சென்னைத் துறைமுகம் வந்து சேர்ந்தபோது அன்றைய தமிழக முதலமைச்சர் வரவேற்பிற்குச் செல்லவில்லை. அவர் செல்லாததற்குக் காரணம் இருந்தது. கப்பலிலிருந்து இறங்கிய ஓர் எளிய நாயக்கிற்கு அது வலித்ததற்கும் காரணம் இருந்தது.

இந்த மனிதருக்கு நம் சமூகம் இரண்டே வாயில்களைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்றின்மேல் ‘வீரர்’ என்றும் மற்றொன்றின்மேல் ‘துரோகி’ என்றும் எழுதியிருக்கிறது. தம் கண்முன் நிகழ்ந்ததைச் சொல்ல விரும்புபவர் எவ்வாயில் வழியே நுழைவார்? ஆகவே அவர் 1971-ஐயும் கார்கிலையும் பேசிக்கொண்டிருக்கிறார். நாமும் கைதட்டிக் கொண்டிருக்கிறோம். மாலை கொடியது என்று மேலே சொன்னது இதனால்தான். புகழப்படுபவர் அழ முடியாது. குற்றவுணர்வைச் சொல்லவும் முடியாது. அவருடைய வீரத்தைப் பாடுவதன்மூலம் அவருடைய துயரைக் கேட்கும் கடமையிலிருந்து நாம் விடுபட்டுவிடுகிறோம்.

திருச்சபையின் பழைய மரபு இதனினும் அறிவுள்ளதாய் இருந்தது. நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் புனித பசிலியார், போரில் கொன்றவரை முன்னோர் கொலைஞராய்க் கருதவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். எனினும் அவர்கள் மூன்றாண்டுகள் நற்கருணை பெறாதிருப்பது நலம் என்று அறிவுரை கூறுகிறார். இன்றைய வாசகருக்கு இது கடுமையாகத் தோன்றலாம். நமக்கோ இது இரக்கமாகவே படுகிறது. ‘நீர் செய்தது குற்றமன்று, ஆயினும் உம் கைகள் சுமந்து வந்திருப்பதை நாங்கள் அறிவோம், அதை இறக்கிவைக்கக் காலம் தருகிறோம்’ என்பதன்றோ அதன் பொருள்? 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், நாட்டிற்காகப் படையில் பணிபுரிவோரை மக்களின் பாதுகாப்பிற்கும் உரிமைக்கும் ஊழியர் என ஏற்றது. முறையாகப் பணியாற்றினால் அமைதிக்கே பங்களிப்பர் என்றது. அந்தப் பாதியை மேடைகளில் கூறுகிறோம். பசிலியாரின் பாதியைக் கூறுவாரில்லை. ஒப்புரவுத் தொட்டிலில் வந்து முழந்தாளிடும் பட்டாளத்தார், கோபப்பட்டதையும் குடித்ததையும் அறிக்கையிட்டுவிட்டு எழுந்து செல்லும்படி விடப்படுகிறார். கேட்கப்படாத பாவம் ஒன்றும், கேட்கப்படாத துன்பம் ஒன்றும் அவரோடு வீடு திரும்புகின்றன.

நாட்டின் நன்றியுணர்வு பற்றியும் ஒரு சொல். பதினைந்து ஆண்டுகள் பணி முடித்தால்தான் சிப்பாய்க்கு ஓய்வூதியம். நாற்பது வயதிற்குள் வெளியேறி, பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் காலத்தில் அவர் புதிதாய் வாழ்வைத் தொடங்கவேண்டும். ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் கேட்டு, 2009-இல் முன்னாள் வீரர்கள் தம் பதக்கங்களைக் குடியரசுத் தலைவர் மாளிகையில் திருப்பித் தந்தனர். 2015-இல் தில்லி ஜந்தர் மந்தரில் முதியோர் உண்ணாநோன்பு இருந்தனர். சுதந்திர நாளுக்கு முந்தைய நாள் காவலர் அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்த முயன்ற காட்சியை நாடே கண்டது. அவ்வாண்டு இறுதியில் ஆணை வந்தது. அதன்மீதான வழக்கு 2022 வரை உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. பதக்கத்தைத் திருப்பித் தருவது ஒரு பட்டாளத்தாருக்கு என்ன பொருள் தரும் என்பதை, அவர் அதனை வெள்ளிக்கிழமைதோறும் துடைத்து வைப்பதைப் பார்த்தவர் அறிவர்.

அதே 2022-இல் சூன் 14 அன்று அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பதினேழரை வயது முதல் 21 வயது வரையுள்ளோர் நான்கு ஆண்டுகளுக்குச் சேர்க்கப்படுவர் (முதலாண்டிற்கு மட்டும் 23 வரை தளர்த்தப்பட்டது). அறிவித்தபடி, அவர்களுள் நூற்றுக்கு 25 பேர் வரை நிலைப்படுத்தப்படுவர். ஏனையோர் ஏறத்தாழ 11.71 இலட்சம் ரூபாயுடன் வீடு திரும்புவர். ஓய்வூதியம் இல்லை. கேன்டீன் இல்லை. இராணுவ மருத்துவத் திட்டம் இல்லை. யாவற்றிற்கும் மேலாக, ‘முன்னாள் படைவீரர்’ என்னும் தகுதியே இல்லை. படையை இளமையாக வைத்திருக்க வேண்டும் என்பது அரசின் வாதம். ஓய்வூதியச் செலவு பெருகுகிறது என்பதும் உண்மை. அவ்வாதங்களை நாம் எளிதாய்த் தள்ளவில்லை. ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு மட்டும் ஒருவனைப் படைவீரனாக்க இயலுமா? முடி வளர்ந்துவிடும். முழக்கம் நாவிலிருந்து இறங்குமா? வெலிங்டன் அவனுக்குத் தருவது ஆயுட்கால ஆளுமை. அதற்கு நான்காண்டு ஒப்பந்தம் எழுதுவது, திருமணத்தைக் குத்தகைக்கு விடுவதற்கு ஒப்பானது.

நம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் இத்திட்டத்தில் சேர்ந்திருக்கிறார்கள். 2022 இறுதியில் பயிற்சிக்குச் சென்ற முதல் அணியினரின் நான்காண்டு 2026 இறுதியோடு முடிகிறது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில், பேருந்திலிருந்து இறங்கி நேரான முதுகோடு தெருவில் நடந்து வருவார்கள். ஊர் அவர்களையும் ‘பட்டாளத்தார்’ என்றே அழைக்கும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் பதிவேட்டில் அவர்களுக்கு எப்பெயரும் இராது.