சுல்தானின் கோழி

சென்ற மாரி காலத்தில் எங்கள் பாலையூற்று வீட்டில் ஒரு பேட்டுக்கோழி நின்றது. தலையில் பூப்பந்து போல இறகுக் குடுமி. நாட்டுக் கோழிகளில் எப்போதாவது இப்படி ஒன்று பிறக்கும். ஒரு நாள் மழையில் நனைந்த குடுமி கண்களில் சரிந்து கிடந்தது. பருந்து இறங்கியபோது மற்றவை வேலிக்குள் ஓடின. இது நின்ற இடத்திலேயே நின்றது.

"அல்லாஹ் ஏன் வாப்பா அதுக்குக் கண்ணை மறைச்சுப் படைச்சான்?" என்று என் சின்ன மகள் கேட்டாள். ஓதிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு உடனே பதில் வரவில்லை.

அந்தக் கேள்வியோடு தேடியபோதுதான் 'சுல்தான்' என்ற கோழியினத்தைப் பற்றி அறிந்தேன். உதுமானிய சுல்தான்களின் அரண்மனைத் தோட்டங்களில் அழகுக்காக வளர்ந்தது. துருக்கியர் வைத்த பெயர் 'ஸராய் தாவூக்', அரண்மனைக் கோழி. (வளைகுடாவில் வேலை செய்தவர்கள் சாப்பிட்ட 'ஷிஷ் தாவூக்'கில் இருப்பதும் இதே தாவூக்தான்!) தூய வெள்ளை நிறம், பெரிய குடுமி, தாடி, கால் விரல் வரை இறகு, காலுக்கு ஐந்து விரல்கள். 1854 ஜனவரியில் எலிசபெத் வாட்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணிக்கு இஸ்தான்பூலிலிருந்து கப்பலில் சில வந்து சேர்ந்தன. வந்தபோது வெள்ளை நிறமே தெரியாத அளவுக்கு அழுக்கு. இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதை வளர்ப்பவர்கள் வெகு சிலரே.

வீட்டுக் கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழிக்குக் குடுமி கிடையாது. நம் இலங்கைக் காட்டுக்கோழிக்கும் இல்லை, சதைக் கொண்டைதான். எப்போதோ ஒன்றில் தோன்றிய குடுமியை விரும்பி, அப்படிப்பட்டவற்றையே சோடி சேர்த்துப் பெருக்கியவன் மனிதன். அரண்மனையில் மதிலும் காவலும் இருந்தன. கோழிக்குப் பருந்தைப் பார்க்கும் தேவை இருக்கவில்லை. என் முற்றத்தில் மதிலுமில்லை, கூரையுமில்லை. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அந்த மழை நாளில் அது என் நினைவுக்கு வரவில்லை.

இந்த இனங்களை வளர்ப்பவர்கள் மழைக்குக் கூரைக்குள் அடைப்பார்கள். குடுமியில் பேன் பார்ப்பார்கள். கண்ணை மறைக்கும் இறகை நறுக்குவார்கள், அல்லது மேலே தூக்கிக் கட்டுவார்கள். தலை நனையாதபடி ஒடுங்கிய வாயுள்ள பாத்திரத்தில் தண்ணீர் வைப்பார்கள்.

அந்தப் பேட்டின் குஞ்சு ஒன்றுக்கும் இப்போது குடுமி முளைக்கிறது. நேற்று மகள் கத்தரிக்கோலோடு வந்து நின்றாள். முளைக்கும் இறகின் அடியில் இரத்தம் ஓடும், முற்றிய இறகின் நுனியை மட்டும் வெட்டு மகளே என்று சொல்லி, குஞ்சை நான் பிடித்துக்கொண்டேன்.