பட்டா இருந்தால்தான் புத்திமதியா?

வேளாண்மை செல்போனுக்குள் வந்துவிட்டதாம்! 2018-இல் தமிழக சர்க்கார் ‘உழவன்’ செயலியை வெளியிட்டது. 2024 செப்டம்பரில் மத்திய மந்திரிசபை ‘டிஜிட்டல் வேளாண்மை இயக்க’த்துக்கு 2,817 கோடி ரூபாய் என்றது. மழையும் விலையும் மானியமும் இனி விரல் நுனியில் என்று தம்பட்டம் அடிக்கிறார்கள். யாருடைய விரல் நுனியில் என்று நாம் கேட்கிறோம்.

யந்திரத்தை வெறுப்பவர்கள் அல்ல நாம். அது யார் கையில் இருக்கிறது என்பதுதான் பிரச்னை.

கல்வராயன் மலையைப் பாருங்கள். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த மலை. மலையாளிப் பழங்குடி மக்கள் அங்கே சாமையும் மரவள்ளியும் பயிரிடுகிறார்கள். 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தும் பட்டாவுக்காக அலைகிற குடும்பங்கள் உண்டு. இப்போது விவசாயிக்குத் தனி எண் தருகிறார்கள். அதற்கு நில ஆவணம் வேண்டும், ஆதார் வேண்டும், ஆதாரோடு இணைத்த செல்போன் வேண்டும். ஆக, மண்வெட்டி பிடித்த கை விவசாயியின் கை அல்ல. பட்டா பிடித்த கைதான் விவசாயியின் கை! (பள்ளத்தில் இருக்கும் ஊருக்குக் கோபுரத்தின் அலை இறங்காது, அது வேறு கதை.)

மரவள்ளியைச் சூறையாடிய மாவுப்பூச்சியை எடுத்துக்கொள்வோம். 2020-ஐ ஒட்டி வந்த பூச்சி அது. பெங்களூர் விஞ்ஞானிகள் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கடுகளவுக் குளவி ஒன்றைத் தருவித்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் பறக்கவிட்டார்கள். குளவி பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு அதைத் தின்று தீர்த்துவிடும். நல்ல வைத்தியம்! ஆனால் அதே காட்டில் விஷமருந்து அடித்தால் குளவியும் சாகும். தெளிப்பான் யார் முதுகில் ஏறுகிறது? கூலியாளின் முதுகில். ‘அடிக்காதே’ என்ற செய்தி யார் செல்போனுக்குப் போகிறது? நிலக்காரர் செல்போனுக்கு. அதற்குள் மருந்துக்கடைக்காரர் முந்திக்கொண்டு அவருக்குப் புத்தி சொல்லிவிடுகிறார்.

வேறு வழி இல்லையா? உண்டு. 1998-இல் புதுச்சேரி வட்டாரத்தில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் கடலலையின் உயரத்தை இணையத்தில் பார்த்து, ஒலிபெருக்கியில் ஊருக்கே சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கேட்டது, சொந்தப் படகில்லாதவருக்கும் கேட்டது. வெளிநாட்டு நன்கொடையில் நடந்த காரியந்தான். ஆனாலும் வழி சரி.

கல்வராயனில் ஊருக்கு ஊர் அப்படி ஒரு மையம் சர்க்கார் செலவில் வேண்டும். பட்டா இல்லாத சாகுபடியாளருக்கும் கூலித் தொழிலாளருக்கும் தனி எண் வேண்டும். மலையேறி வந்து வயலைப் பார்க்கும் வேளாண்மை அலுவலர் வேண்டும்.

ஆத்தூர், சின்னசேலம் சேகோ மில் தோழர்களே! கிழங்குக்கு விலை மாவுச்சத்துப் ‘பாயிண்ட்’ கணக்கில் போகிறது. பாயிண்ட்டை அளப்பது முதலாளியின் தராசு. அது எப்படி ஆடுகிறது என்பதை நீங்கள் அன்றாடம் பார்க்கிறீர்கள். கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசில் அடுத்த விவசாயிகள் குறைகேட்புக் கூட்டத்துக்கு மலைமக்களோடு நீங்களும் வந்து, அதைச் சொல்லுங்கள்.